பெருநகரில் குற்ற அபாயத்தை மதிப்பிடுவது எப்படி: சென்னையை முன்வைத்து நிறுவனப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாதுகாப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ‘சென்னையின் குற்ற அபாயத்தை மதிப்பிட்டுக் கொடுங்கள்’ என்று சொன்னால், அவர் முதலில் தேடுவது புள்ளிவிவரத்தை. அடுத்து ஒரு வண்ண வரைபடம் தயாராகும். வடசென்னை சிவப்பாகவும் அடையாறு பச்சையாகவும் இருக்கும். இரவு 11 மணிக்குச் சிறுசேரியில் பேருந்துக்காக நிற்கும் ஊழியருக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டால், அந்த வரைபடத்தில் பதில் இருக்காது.

தரவு போதாததால் இப்படி ஆவதில்லை. வேலையின் வரிசை தலைகீழாகிவிடுகிறது, அவ்வளவுதான். நம் ஆட்களும் பொருள்களும் எங்கே, எந்த நேரத்தில், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். குற்றத் தரவு அதன் பிறகு வரவேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தரமணியில் தலைமை அலுவலகம், சிறுசேரியில் இரவு ஷிஃப்ட் நடக்கும் மையம், செங்குன்றத்தில் கிடங்கு. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 1,200 பேர்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நடப்பு ஷிஃப்ட் அட்டவணை, நிறுவன வாகனங்களின் வழித்தடப் பட்டியல், ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை, காவலர்கள் எழுதும் தினசரிப் பதிவேடு, கடந்த மூன்று ஆண்டுகளின் காப்பீட்டுக் கோரிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறாத மடிக்கணினித் திருட்டுகள் நிதித் துறையின் கோப்பில் கிடக்கும்.

மனிதவளம், போக்குவரத்து, நிர்வாகம், நிதி ஆகியவற்றில் துறைக்கு ஒருவரைத் தொடர்பாளராகப் பெயர் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமல் ‘துறையைக் கேளுங்கள்’ என்று விட்டால் பட்டியல் வந்து சேராது.

காவலர்களை அனுப்பும் தனியார் நிறுவனத்துக்கு, தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன்படி உரிமம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். உரிமம் இல்லாத முகமையின் பதிவேட்டை நம்பி மதிப்பீடு எழுதினால், நாளை வழக்கு என்று வரும்போது அது நிற்காது.

1. எந்த முடிவுக்காக இந்த மதிப்பீடு என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘சென்னை பாதுகாப்பானதா?’ என்பதற்குப் பதிலே கிடையாது. ‘சிறுசேரி மையத்தில் ஷிஃப்ட் முடியும் நேரத்தை 10 மணியிலிருந்து 11 மணிக்கு மாற்றலாமா?’ என்று கேட்டால் பதில் தேடலாம். ‘செங்குன்றம் கிடங்கின் குத்தகையை நீட்டிக்கலாமா?’ என்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் தேவைப்படும் தகவல் வேறு வேறு. முதல் கேள்விக்குச் சாலை வெளிச்சமும் பேருந்து நேரமும் வேண்டும். இரண்டாவதற்கு லாரி நிறுத்தம், சுற்றுச்சுவர், சரக்கின் மறுவிற்பனை மதிப்பு.

முடிவில் கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதையும் அந்த வாக்கியத்தின் கீழே எழுதுங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாத அறிக்கைதான் எண்பது பக்கத்துக்கு நீள்கிறது.

2. யார், எங்கே, எப்போது: வெளிப்பாட்டு அட்டவணை

மதிப்பீட்டின் முதுகெலும்பு இதுதான். ஒரு வரிக்கு ஒரு குழு அல்லது ஒரு பொருள். எங்கே இருக்கிறது, எந்த மணிக்கு, எத்தனை பேர், தனியாகவா கூட்டமாகவா, கையில் என்ன இருக்கிறது, எதில் வருகிறார்கள், எதில் போகிறார்கள் என்பவை பத்திகளாக இருக்கட்டும்.

பொறியாளர்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது இங்கே நடக்கும் பெரிய தவறு. துப்புரவுப் பணியாளர்கள் விடியற்காலை 5 மணிக்கே வந்துவிடுகிறார்கள். உணவகப் பணியாளர்கள் கடைசி ஷிஃப்ட் முடிந்து பாத்திரம் கழுவிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இரவுக் காவலர் தனியாக நிற்கிறார். நிறுவனத்தின் கேப் இவர்களுக்குக் கிடையாது. ஷேர் ஆட்டோவிலும் முதல் பேருந்திலும்தான் பயணம். மிக அதிக நேரம் வெளியே நிற்பவர்கள் இவர்கள்தான். இவர்களை விட்டுவிட்ட மதிப்பீட்டை நான் ஏற்பதில்லை.

பொருள்களில் மடிக்கணினி எல்லோர் நினைவுக்கும் வரும். ஜெனரேட்டர் டீசல், செப்புக் கேபிள், பழைய பேட்டரிகள், கழிவுப் பொருள் கிடங்கு ஆகியவை வராது. திருடியவுடன் விற்றுக் காசாக்கக்கூடியவை இவைதான் என்பதால், சிறு திருட்டுகள் இங்கே நிறைய நடக்கும். உள்ளே வேலை செய்பவர்களின் கை இருக்கும் வாய்ப்பும் இங்கே கூடுதல்.

நிறுவனத்தின் பெயரையும் ஒரு சொத்தாகப் பட்டியலில் சேருங்கள். உங்கள் பெயரில் போலிப் பணி நியமனக் கடிதம் கொடுத்து வேலை தேடுபவர்களிடம் பணம் பறிப்பது சென்னையில் பழைய மோசடி. ஏமாந்த இளைஞர் ஒரு நாள் பெற்றோருடன் உங்கள் வரவேற்பறைக்கு வந்து நிற்பார். அவருக்கு என்ன சொல்வது, எந்தக் காவல் பிரிவுக்கு வழிகாட்டுவது என்று வரவேற்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. காவல் எல்லையை வரையுங்கள்

சென்னை என்று நாம் வாயால் சொல்லும் ஊர் 2022 ஜனவரி முதல் மூன்று காவல் ஆணையரகங்களில் இருக்கிறது: பெருநகர சென்னை, தாம்பரம், ஆவடி. நம் கற்பனை நிறுவனத்தின் தரமணி அலுவலகம் பெருநகர சென்னை ஆணையரகத்தில் வருகிறது. சிறுசேரி தாம்பரத்தில், செங்குன்றம் ஆவடியில். ஒரே நிறுவனம், மூன்று ஆணையர்கள், மூன்று கட்டுப்பாட்டு அறைகள். 2022-க்கு முந்தைய ‘சென்னை’ எண்ணிக்கையையும் இப்போதைய எண்ணிக்கையையும் அப்படியே ஒப்பிட்டுக் ‘குற்றம் குறைந்துவிட்டது’ என்று எழுதுபவர்கள் இந்தப் பிரிவினையைக் கவனிக்காதவர்கள்.

ரயில் நிலையங்களும் தண்டவாளமும் ரயில்வே காவல்துறையின் பொறுப்பு. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் காலை நேரத்தில் ஒரு பெண் ஐ.டி. ஊழியர் கொல்லப்பட்டார். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. முதலில் ரயில்வே காவல்துறை விசாரித்த அந்த வழக்கு, சில நாள்களில் சென்னை மாநகரக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. பறக்கும் ரயிலில் தரமணி வந்து இறங்கும் ஊழியர்கள் உங்களுக்கு இருந்தால், நிலையப் படிக்கட்டு வரை ஒரு காவல் எல்லை, படிக்கட்டைத் தாண்டினால் இன்னொன்று என்பதை அட்டவணையில் எழுதுங்கள்.

காவல் நிலையத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. சென்னையில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளரும் குற்றப்பிரிவுக்கு வேறோர் ஆய்வாளரும் இருப்பது வழக்கம். போக்குவரத்துக் காவலும் அனைத்து மகளிர் காவல் நிலையமும் தனி. செல்போன் பறிப்பு பற்றிப் பேச வேண்டியவர் குற்றப்பிரிவு ஆய்வாளர். போராட்டம், ஊர்வலம் என்றால் சட்டம் ஒழுங்கு. ஆள் மாறிப் போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு இடத்துக்கும் எந்த நிலையம், எந்தப் பிரிவு, எந்தத் தொலைபேசி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காவல் அறையில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு 112 எந்த எல்லையிலும் இயங்கும். ஆனால் அடுத்த நாள் பின்தொடர வேண்டிய நிலையம் எது என்பதை 112 உங்களுக்கு நினைவூட்டாது.

4. எண்களைப் படியுங்கள், ஆனால் அவை எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டு படியுங்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணைகள் இருக்கின்றன. புதியவர்கள் இதை எடுத்து வரிசைப்படுத்தி, ‘நம் நகரம் இத்தனையாவது இடம்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த வரிசை உங்கள் முடிவுக்கு உதவாது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில், தாமதம். 2022-ஆம் ஆண்டு அறிக்கை 2023 டிசம்பரில்தான் வந்தது. 2023-ஆம் ஆண்டுக்கானது 2025 செப்டம்பர் இறுதியில். இன்றைய தெருவுக்கு அது பழைய படம்.

அடுத்தது வகுக்கும் எண். நகரங்களின் குற்ற விகிதம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே போடப்படுகிறது. அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் குடியேறியவர்கள் அதில் இல்லை. மேலும், விகிதம் குடியிருப்பவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. தியாகராய நகர் கடைவீதிக்கும் பாரிமுனைக்கும் பகலில் வந்துபோகும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே வசிப்பவர்கள் மிகக் குறைவு. தலைக்கணக்கு போட்டால் அந்த இடங்கள் கொடியவையாகத் தெரியும். வந்துபோகும் ஒருவருக்கு உள்ள உண்மையான அபாயம் அதைவிடப் பல மடங்கு குறைவு.

மூன்றாவது, முதன்மைக் குற்ற விதி. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். நகைக்காக நடந்த கொலை, கொலைப் பட்டியலில் ஏறும். கொள்ளைப் பட்டியலில் ஏறாது.

நான்காவது, பதிவுப் பழக்கம் மாறும்போது எண் துள்ளும். அரசு உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவின்கீழ் நாடு முழுவதும் 2019-இல் 29,469 வழக்குகள். 2020-இல் 6,12,179. ஊரடங்கு மீறல்கள்தான் காரணம், தமிழ்நாட்டில் இந்த வழக்குகள் மிக அதிகம். அந்த ஆண்டின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துச் சென்னை ஆபத்தான நகரமாகிவிட்டது என்று எழுதுவது பெரும்பிழை. மொத்த எண்ணை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உங்கள் கேள்விக்குரிய குற்ற வகையை மட்டும் எடுங்கள்.

ஐந்தாவது, சட்டமே மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப்பிரிவு கிடையாது. செயின் பறிப்பு 379-இல் திருட்டாகவோ 392-இல் வழிப்பறியாகவோ பதிவானது. புதிய சட்டத்தில் 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே 2023-இன் திருட்டு எண்ணையும் 2025-இன் திருட்டு எண்ணையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். கோட்டை உடைத்து, உடைந்த இடத்தில் காரணத்தை எழுதுங்கள்.

ஆறாவதைத்தான் நம் ஊரில் வேலை செய்பவர்கள் நன்றாக அறிந்திருக்க வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும் எல்லாப் புகாரும் முதல் தகவல் அறிக்கையாவதில்லை. பல புகார்கள், புகார் வந்ததைக் குறிக்கும் சி.எஸ்.ஆர். (சமூக சேவைப் பதிவேடு) ரசீதோடு நின்றுவிடும். செல்போன் பறிபோனவர் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிய சிம் வாங்கப் போய்விடுவார். இவை எதுவும் குற்றக் கணக்கில் வராது. செல்போன் பறிப்பு குறைவாகப் பதிவான எல்லையைப் பாதுகாப்பான எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. முதல் தகவல் அறிக்கைகளை நேரடியாகப் படியுங்கள்

நகர அளவு எண்ணைவிட, உங்கள் மூன்று இடங்களைச் சுற்றியுள்ள நான்கைந்து காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகள் பல மடங்கு பயன் தருபவை. 24 மணி நேரத்துக்குள் அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் பார்க்கலாம்.

படிவத்தில் உங்களுக்கு வேண்டிய பத்திகள் இவை: சம்பவம் நடந்த நாளும் நேரமும், நிலையத்துக்குத் தகவல் கிடைத்த நேரம், நிலையத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம், தாமதத்துக்குக் காரணம், களவுபோன சொத்து. வழக்கு விவரம் பெரும்பாலும் தமிழில், புகார்தாரரின் சொற்களிலேயே இருக்கும். ‘பின்னால் பைக்கில் வந்த இருவர்’, ‘முகவரி கேட்பதுபோல் நிறுத்தி’ என்ற இரண்டு சொற்றொடர்கள் சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது. அதைத்தான் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும்: எப்படி அணுகினார்கள், எதை எடுத்தார்கள், எந்தப் பக்கம் தப்பினார்கள்.

நேரத்தைக் குறிக்கும்போது ஒரு கவனம். பூட்டை உடைத்த திருட்டில் ‘வெள்ளி இரவு 9 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை’ என்று இருக்கும். கண்டுபிடித்த நேரமான திங்கள் காலையைச் சம்பவ நேரமாக எழுதிவிட்டால், காவலை நீங்கள் தவறான நேரத்தில் கூட்டுவீர்கள். இடைவெளியை இடைவெளியாகவே எழுதுங்கள்.

பாலியல் குற்றங்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் போன்ற உணர்வுபூர்வமான அறிக்கைகள் இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. அது சரியான ஏற்பாடு. ஆனால் அங்கே எதுவும் தெரியாததால் ‘பெண்களுக்கு எதிரான குற்றம் இல்லை’ என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வெற்றிடத்தை அடுத்த படியில் சொல்லும் வழியில்தான் நிரப்ப முடியும்.

நீங்கள் எடுத்து எழுதும் அட்டவணையில் பாதிக்கப்பட்டவர் பெயர், முகவரி, தொலைபேசி எதுவும் இருக்கக் கூடாது. மதிப்பீட்டுக்கு அவை தேவையில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய சட்டத்தின் 72-ஆவது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம்.

6. ஆட்களிடம் கேளுங்கள்

நிறுவனத்தின் சம்பவப் பதிவேடு பெரும்பாலும் வாயிற்கதவோடு முடிந்துவிடும். வழியில் நடந்தது நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள். சொன்னால் இரவு ஷிஃப்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், சம்பளப் படி போய்விடும் என்று பெண்கள் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. சொன்னதற்காக யாருடைய ஷிஃப்ட்டும் மாற்றப்படாது என்று மனிதவளத் துறை எழுத்தில் தந்த பிறகே கேட்கத் தொடங்குங்கள்.

பெயர் கேட்காத சிறிய படிவம் போதும். ‘கடந்த ஆறு மாதத்தில் வேலைக்கு வரும்போதோ போகும்போதோ யாராவது உங்களைப் பின்தொடர்ந்தார்களா, தொட்டார்களா, பொருளைப் பறிக்க முயன்றார்களா? எந்த இடம், எத்தனை மணி?’ நடக்காமல் தப்பியதையும் கேளுங்கள். நடந்தேறிய ஒரு பறிப்புக்கு முன்னால், அதே இடத்தில் தப்பிய முயற்சிகள் சில இருக்கும்.

படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் கொடுங்கள். எழுத இயலாதவர்களிடம் ஒரு பெண் ஊழியர் உட்கார்ந்து பேசட்டும். கேப் ஓட்டுநர்கள், வாசலில் கடை போட்டிருக்கும் பூக்கார அம்மா, டீக்கடைக்காரர் ஆகியோரிடமும் பேசுங்கள். எந்த மூலையில் யார் கூடுகிறார்கள், எந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

காவல் ஆய்வாளரைச் சந்திக்கும்போது ‘எத்தனை வழக்கு?’ என்று தொடங்காதீர்கள். எண் கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ‘எங்கள் ஆட்கள் இந்த வழியில் இந்த நேரத்தில் போகிறார்கள், நாங்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ரோந்து எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

7. அதே மணியில் நடந்து பாருங்கள்

பகல் 11 மணிக்குக் காரில் சுற்றிப் பார்ப்பது கள ஆய்வு ஆகாது. இரண்டாம் படியின் அட்டவணையில் எந்த மணிகள் இருக்கின்றனவோ, அந்த மணிகளில் நடக்க வேண்டும். விடியற்காலை 5, இரவு 10, இரவு 11, நள்ளிரவு 2. தனியாகப் போகாதீர்கள். குழுவில் கட்டாயம் ஒரு பெண் இருக்கட்டும். ஆண் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சந்து அவருக்கு அப்படித் தெரியாது.

வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அடி அடியாகப் பாருங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் தகரத் தடுப்புகள் சாலையின் நடுவையும் ஓரத்தையும் மறைத்து நிற்கின்றன. தடுப்புக்கும் சுவருக்கும் இடையே ஒருவர் மட்டும் நடக்கும் அகலம் இருக்கும். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பவர் தெரியமாட்டார். பேருந்து நிறுத்தம் தற்காலிகமாக நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும், விளக்குக் கம்பம் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் தடுப்பு வேறு இடத்தில் இருக்கும். இதை எந்தத் தரவுத் தொகுப்பும் சொல்லாது.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. உங்கள் ஷிஃப்ட்டும் 10 மணிக்கே முடிந்தால், இரண்டு கூட்டமும் ஒரே நிறுத்தத்தில் சேரும். ஷிஃப்ட் முடியும் நேரத்தை முக்கால் மணி மாற்றினால் அந்தச் சந்திப்பே இருக்காது, செலவும் இல்லை. ஆனால் அதே மாற்றத்தால் கடைசி நேரடிப் பேருந்து தவறிப்போகுமா என்றும் பாருங்கள்.

சிறுசேரியில் 2014 பிப்ரவரியில் இரவு வேலை முடிந்து கிளம்பிய ஒரு பெண் ஊழியர் வளாகத்துக்கு அருகிலேயே கொல்லப்பட்டார். அவருடைய உடல் புதர்களிடையே கண்டெடுக்கப்படப் பல நாள்கள் ஆயின. வளாகத்துக்குள் காவல், நகரத்துக்குள் காவல், நடுவில் இருக்கும் அந்தச் சில நூறு மீட்டர் யாருடையது என்ற கேள்வியை ஒவ்வொரு நிறுவனமும் தன் வாயிலில் நின்று கேட்க வேண்டும். சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள புதரையும் காலி மனையையும் மாநகராட்சியோ, தொழிற்பூங்காவை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட்டோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

கிடங்கில் பார்க்க வேண்டியவை வேறு: லாரிகள் இரவில் எங்கே நிற்கின்றன, முத்திரை யார் முன்னிலையில் உடைக்கப்படுகிறது, பின்சுவரை ஒட்டி ஏறி வர மேடு இருக்கிறதா, கேமராவின் முன் மரக்கிளை வளர்ந்திருக்கிறதா. கேமரா இருப்பதைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நேற்று இரவு 2 மணிப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

8. பேட்டையின் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

இதைத் தனிப்படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளைத் தரவே பார்க்காமல் சிவப்பாக்குவது வழக்கமாகிவிட்டது. நகரின் நடுவிலிருந்தும் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடங்கள் அவை. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள எத்தனையோ அலுவலகங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவர்களும் வாசலில் காவல் நிற்பவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

அப்படி ஒரு சிவப்பு வட்டம் அறிக்கையில் ஏறினால், அந்த முகவரிக்காரருக்கு வேலை கொடுக்கத் தயங்குவார்கள், அந்தப் பகுதிக்குக் கேப் போகாது. அங்கிருந்து வரும் பெண் பணியாளர் இருட்டில் இன்னும் அதிக தூரம் நடப்பார். அபாயம் குறைவதில்லை, தாங்க முடியாதவர் தலைக்கு மாறுகிறது. பகுதியின் பெயருக்குப் பதில் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்: ‘இன்ன சந்திப்பு, இரவு 9 முதல் 11, பைக்கில் வந்து செல்போன் பறிப்பு’. அதற்குச் சான்று இல்லையென்றால் எழுத வேண்டாம்.

9. நிகழ்வாக எழுதித் தரம் பிரியுங்கள்

‘திருட்டு: அதிகம்’ என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. முழு நிகழ்வாக எழுதுங்கள்: ‘சிறுசேரி வாயிலிலிருந்து நிறுத்தத்துக்கு இரவு 11 மணிக்குத் தனியாக நடக்கும் ஊழியரிடம், பைக்கில் வரும் இருவர் செல்போனைப் பறிப்பது, இழுபறியில் அவர் கீழே விழுந்து காயமடைவது.’ இப்படி எழுதும்போதே எங்கே தடுக்கலாம் என்பது தெரியத் தொடங்கும். மூன்று இடங்களுக்கும் சேர்த்துப் பதினைந்து நிகழ்வுகளுக்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு, விளைவு, சான்றின் வலிமை என மூன்று தரம் கொடுங்கள். மூன்றுக்கும் உயர்வு, நடுத்தரம், குறைவு போதும். ஐந்துக்கு ஐந்து பெருக்கி 15, 16 என்று எண் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இல்லாத துல்லியத்தை அது இருப்பதாகக் காட்டும். சான்றின் வலிமையை எழுதுவது மிக முக்கியம். நேரடியாகக் கேட்டது, முதல் தகவல் அறிக்கையில் உள்ளது, செய்தித்தாளில் வந்தது, வாட்ஸ்அப்பில் சுற்றியது ஆகியவை ஒரே எடை உள்ளவை அல்ல. செய்தித்தாள் அசாதாரணமானதை எழுதுகிறது. அன்றாடம் நடப்பது அங்கே இடம்பெறாது.

இருவர் தனித்தனியாகத் தரம் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே தகவல் போதவில்லை என்று பொருள். திரும்பக் களத்துக்குப் போக வேண்டிய இடம் அது.

இணையவழி மோசடியை வேறு துறையின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். மேலாளர் அனுப்பியதுபோல் வரும் பணப் பரிமாற்ற உத்தரவும், ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி ஊழியரின் சேமிப்பைப் பறிப்பதும் இன்றைய பெருநகரக் குற்றங்களே. பணம் போனவுடன் இணையவழி நிதி மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைப்பது என்பதைக் கணக்குப் பிரிவின் ஒவ்வொரு மேசையிலும் எழுதி வையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பணத்தை அடுத்தடுத்த கணக்குக்கு நகர்த்திவிடும்.

10. பரிந்துரை: செலவில்லாததில் தொடங்குங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு செயல், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. முதலில் நேர மாற்றம், வழி மாற்றம், விளக்கு, புதர் அகற்றல். அடுத்து ஆள். கேமரா கடைசியில். கேமரா நடந்ததைக் காட்டும். யாராவது பார்த்துக்கொண்டிருந்து ஓடி வந்தால்தான் தடுக்கும்.

இரவு 8 மணிக்கு மேல் பெண்களைப் பணியில் அமர்த்த அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், போக்குவரத்து வசதி, போதிய பாதுகாப்பு ஆகியவை தமிழ்நாட்டில் சட்டபூர்வ நிபந்தனைகள். கேப்பில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் உடன் காவலர் இருக்க வேண்டும். அந்தப் பெண் வீட்டு வாசலுக்குள் நுழைந்த பிறகே வண்டி நகர வேண்டும். இந்த ஏற்பாட்டை ஒப்பந்தப் பெண் பணியாளர்களுக்கும் சேர்த்துப் பரிந்துரையுங்கள். கையெழுத்திடுபவர் செலவைக் காட்டி மறுத்தால், மறுத்தவர் பெயரும் காரணமும் அறிக்கையில் இருக்கட்டும்.

11. அறிக்கையும் புதுப்பித்தலும்

முதல் பக்கத்தில் ஒன்றாம் படியில் எழுதிய கேள்வியும் அதற்கான பதிலும் மட்டும். அடுத்த மூன்று நான்கு பக்கங்களில் நிகழ்வுகள். மீதியெல்லாம் இணைப்பு. காவலர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவரவர் செய்ய வேண்டியதை மட்டும் தமிழில் ஒரு பக்கமாகத் தனியே கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது போதாது. ஷிஃப்ட் நேரம் மாறினாலும், பேருந்து நிறுத்தமோ மெட்ரோ தடுப்போ நகர்ந்தாலும், காவல் ஆய்வாளர் மாறினாலும், அருகில் புதிதாக மதுக்கடையோ கட்டுமானத் தளமோ வந்தாலும் அந்த வரியை மட்டும் உடனே திருத்துங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களுக்கும், வீடுகள் பூட்டிக் கிடக்கும் பொங்கல் விடுமுறைக்கும் தனிக்குறிப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, அக்டோபர் தொடக்கத்தில், இரவு வழித்தடங்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சாலைகள் மூழ்கின. அப்படிப்பட்ட இரவில் மாற்றுவழி எந்தச் சாலைகளில் போகிறது, மின்சாரம் போனால் அவற்றில் எது முற்றிலும் இருளும் என்பதைப் போக்குவரத்துப் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.